அருவி ஊர்க்காரர்கள் லீவுக்கு எங்கே போவார்கள்?

புரட்டாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் நாலு மணி இருக்கும். தென்காசியில் குத்துக்கல்வலசைப் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், காலி காப்பித் தம்ளரில் செல்போனைச் சாய்த்து வைத்து, அதன் முன்னால் நானும் என் கணவரும் உட்கார்ந்திருந்தோம். போனுக்குள் எங்கள் மகள் உலகம்மை. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஊர் ஊராக வாசித்துக்கொண்டிருந்தாள்.

“ஊட்டி?”

“குளுரும்,” என்றார் அவர்.

“மூணாறு?”

“மழை. இங்கன பெய்யுதது பத்தாதாக்கும்?”

“கோவா?”

“அங்க போயி நான் என்னட்டி செய்ய?”

“சரி, அந்தமான்.”

“தண்ணி.”

“அப்பா, அது தீவு. சுத்தித் தண்ணி இருக்கத்தான் செய்யும்.”

“அதத்தான் சொல்லுதேன். தண்ணியப் பாக்கதுக்குக் குத்தாலத்துக்காரன் பிளேன் ஏறிப் போனான்னா ஊரு சிரிக்கும்.”

உலகம்மை லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள். “அம்மா, நீயாவது ஒரு ஊர் சொல்லேன். அஞ்சு நாள் லீவு. ரெண்டு பேரும் வீட்லயே உக்காந்து சுவத்தப் பாக்கப் போறீங்களா?”

எனக்கு ஒரு ஊர் மனசில் இருந்தது. ஒரு மாதமாகவே இருந்தது. சொன்னால் மகள் சிரிப்பாள், அவர் ஏசுவார். அதனால் தம்ளரை நகர்த்தாமல் போனைச் சரிசெய்வது மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தேன்.

அந்த ஊரைச் சொல்வதற்கு முன்னால், நாங்கள் ஏன் எங்கேயுமே போகாத ஆட்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு காலண்டர்

குற்றாலத்தில் ஐந்தருவி போகிற ரோட்டில் எங்களுக்கு எட்டு அறைகள் கொண்ட ஒரு சின்ன லாட்ஜ் இருக்கிறது. அதை என் கணவர் சங்கரன் பார்த்துக்கொள்கிறார். நான் தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியில் பூகோளம் நடத்துகிறேன்.

அவர் காலண்டரில் ஆனி, ஆடி, ஆவணி சாரல் சீசன். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப சாமிகள். தையில் பொங்கல் கூட்டம். சித்திரை, வைகாசியில் சுண்ணாம்பு அடிப்பது, மோட்டார் பார்ப்பது, மெத்தைகளை வெயிலில் போடுவது. என் காலண்டரில் மே மாதம் லீவு, அரையாண்டு லீவு. இரண்டும் அவருக்கு மூச்சு விட நேரமில்லாத சமயம். காலாண்டுப் பரீட்சை லீவு ஒன்றுதான் இரண்டு காலண்டரும் ஒட்டுகிற இடம். அந்த ஐந்து நாளையும் விடைத்தாளோ, மோட்டார் ரிப்பேரோ, மகளின் அம்மையோ ஒவ்வொரு வருடமும் தின்றுவிடும்.

இமயமலையை நான் கரும்பலகையில்தான் ஏறி இறங்கியிருக்கிறேன். ஒரு தடவை ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து நின்று, “டீச்சர், நீங்க பனியப் பாத்திருக்கியளா?” என்று கேட்டாள். “மார்கழியில புளியறை ரோட்டுல பாத்திருக்கேன்,” என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு ஆசிரியர் அறையில் போய்க் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நேரம் கிடைத்தாலும் என் கணவரைக் கூட்டிக்கொண்டு போவது சுலபமில்லை. மகளைக் கல்லூரியில் சேர்க்க மதுரைக்குப் போனபோது ஒரு ராத்திரி லாட்ஜில் தங்கினோம். போன அரை மணி நேரத்தில் பாத்ரூம் குழாயைக் கழற்றி மாட்டிவிட்டார். பிறகு கீழே போய், சாவிக்கொத்தில் நம்பர் கட்டை இவ்வளவு சின்னதாக இருந்தால் ஆட்கள் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். காலையில் நான் கண் விழித்தபோது, நான் படுத்திருந்த பக்கம் தவிர மீதி விரிப்பெல்லாம் மடித்து வைத்திருந்தது.

“விருந்தாளியா இருக்கதுக்கு ஒரு பழக்கம் வேணும் செண்பகம். எனக்கு அது இல்ல,” என்றார்.

ஈர வாடை

சாரல் சாரல் என்று வெளியூர்க்காரர்கள் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். அவர்கள் மூன்று நாள் நனைந்துவிட்டுப் போய்விடுவார்கள். மூன்று மாதம் நனைகிற எங்களுக்குத்தான் தெரியும், அந்தச் சாரலுக்கு ஒரு வாடை உண்டு என்று. பாதி காய்ந்த துணியின் வாடை.

ஆடி மாதத்தில் எங்கள் வீட்டில் ஃபேனுக்குக் கீழே நாங்கள் இருக்க மாட்டோம், துணிகள் இருக்கும். ரவிக்கையை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தே காய வைப்பேன். புஸ்ஸென்று ஆவி வரும். அப்படியும் கைமடிப்பு ஈரமாகவே இருக்கும். முதல் பீரியடில் கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினால் அக்குளில் சில்லென்று இருக்கும்.

லாட்ஜ் விரிப்புகளைச் சுந்தரபாண்டியபுரத்துக்கு லோடு ஆட்டோவில் அனுப்புவோம். சில மைல்தான். ஆனால் மலையை விட்டு அவ்வளவு தள்ளிப் போனாலே வெயில் இருக்கும். அங்கே தெரிந்தவர் ஒருவர் களத்தில் கொடி கட்டிக் காய வைத்து அனுப்புவார். ஒரு தடவை சினிமாக்காரர்கள் சூரியகாந்தித் தோட்டத்தில் பாட்டு எடுத்துக்கொண்டிருந்தார்களாம். பின்னால் எங்கள் லாட்ஜ் விரிப்புகள் வரிசையாக ஆடிக்கொண்டிருந்திருக்கின்றன. எடுக்கச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். காயாமல் எடுக்க முடியாது என்று அவர் மறுத்துவிட்டார். கடைசியில் கேமராவைத்தான் திருப்பினார்கள்.

காய்ந்து வந்த விரிப்புகளை அடுக்கும்போது முகத்தை அதில் புதைத்துக்கொள்வேன். வெயில் வாசம் அடிக்கும். எனக்கு லீவு என்றால் அந்த வாசம்தான் ஞாபகம் வரும்.

நாலாம் நம்பர் அறை

எங்கள் லாட்ஜுக்கு வருடா வருடம் ஆடியில் வருகிறவர்கள் பூமிநாதன் அண்ணாச்சியும் அவர் மனைவி பாக்கியம் அக்காவும். முதுகுளத்தூர் பக்கம் ஒரு கிராமம். மிளகாய் விவசாயம். உருண்டையாக, கருஞ்சிவப்பாக ஒரு குண்டு மிளகாய் அந்தப் பக்கம் விளைகிறது. அதில் ஒரு சாக்கைத் தோளில் சுமந்துகொண்டுதான் பஸ்ஸிலிருந்து இறங்குவார்.

“தம்பி, நாலாம் நம்பர் ரூமு இருக்கா, ஏலம் விட்டுட்டீங்களா?”

ஆள் பனைமரம் மாதிரி இருப்பார். பேசினால் எதிர்த்த கடைக்குக் கேட்கும். காலையில் பேரருவி, மத்தியானம் ஐந்தருவி, சாயங்காலம் பழைய குற்றாலம் என்று ஒரு நாளைக்கு மூன்று குளியல். பாக்கியம் அக்கா கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்து, அவருடைய வேட்டி, செருப்பு, மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் குரங்கு தூக்காமல் பார்த்துக்கொள்வார். அதிகம் பேச மாட்டார்.

ஊருக்குக் கிளம்பும்போது ஒவ்வொரு வருடமும் அண்ணாச்சி சொல்வார்: “ஒரு தடவ நம்ம ஊருப் பக்கம் வாங்க தம்பி.”

“அங்கன என்ன இருக்கு அண்ணாச்சி?” என்பார் என் கணவர்.

“வெயில் இருக்கு!” என்று சொல்லிவிட்டுக் கடகடவென்று சிரிப்பார். இவரும் சிரிப்பார். பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிற நான் மட்டும் சிரிக்க மாட்டேன்.

போனில் கேட்ட அருவி

அந்த வருடம் ஆடி பிறந்தும் அவர்கள் வரவில்லை. நாலாம் நம்பர் அறையை யாருக்கும் கொடுக்காமல் நாலைந்து நாள் பூட்டியே வைத்திருந்தார் என் கணவர். போன் செய்தால் எடுக்கவில்லை. ஒரு வாரம் கழித்துப் பாக்கியம் அக்காவே கூப்பிட்டார்.

அண்ணாச்சி மோட்டார் ரூம் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மதுரையில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்திருக்கிறார்கள். வழுக்குகிற இடத்துப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“டீச்சர்,” என்று தயங்கினார் அக்கா. “அவுக ஒண்ணு கேக்கச் சொல்றாக. சொல்லவே கூச்சமா இருக்கு. அருவிச் சத்தத்தப் போன்ல வச்சுக் காட்டுவீங்களான்னு கேக்குறாக.”

பள்ளிக்கூடம் விட்டு நேரே பேரருவிக்குப் போனேன். அன்றைக்குத் தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. பெண்கள் குளிக்கிற பக்கம், எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய், போனை உயர்த்திப் பிடித்தேன். திவலை அடித்து முகம், கண்ணாடி, கைப்பை எல்லாம் நனைந்தது. குளித்துக்கொண்டிருந்த பெண்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் இருக்கும். காதில் வைத்தேன்.

“கேக்குதா அண்ணாச்சி?”

ஒரு சத்தமும் இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு எனக்குப் பழக்கமில்லாத ஒரு மெலிந்த குரல் வந்தது.

“குளிச்சாச்சு டீச்சர். வச்சிருங்க.”

வீட்டுக்கு வந்து சொன்னேன். “சீசன் முடியட்டும். ஒரு எட்டு போயிப் பாத்துட்டு வருவோம்,” என்றார் என் கணவர். ஆவணி முடிந்தது. புரட்டாசியும் வந்தது. அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

சொல்லிவிட்டேன்

“முதுகுளத்தூர்,” என்றேன் போனைப் பார்த்து.

“அது எங்கம்மா இருக்கு?” என்றாள் மகள். பூகோள டீச்சர் பெற்ற பிள்ளை! லேப்டாப்பை மறுபடி திறந்து தேடினாள். “அம்மா, மேப்ல பழுப்பா இருக்கு. பாக்கதுக்கு ஒரு இடம்கூடப் போடல. அங்க போயி என்ன செய்யப் போற?”

“துணி காயப் போடப் போறேன்.”

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. முகம் சுண்டிவிட்டது. “உங்க ரெண்டு பேரையும் பிளேன்ல ஏத்தணும்னு வேலைக்குச் சேந்த நாள்லேருந்து நெனச்சிட்டிருக்கேன். நீ என்னடான்னா...”

அதற்குள் என் கணவர் குறுக்கே வந்தார். “கஸ்டமர் வீட்டுல போயி நாம எப்படிட்டித் தங்குதது?”

“இத்தனை வருசமா அவுக நம்மகிட்ட வந்து தங்கலையா?”

“அது வேற. அது அவுக லீவு.”

“இது நம்ம லீவு.”

எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் அடுத்ததைச் சொன்னார்.

“மனுசன் ஆசுபத்திரியில கிடந்தப்ப நான் போகல செண்பகம். சீசன் சீசன்னு இருந்துட்டேன். இப்பப் போயி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவர் முன்னால நிக்க?”

இவ்வளவு நாள் அவர் ஏன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. போனுக்குள்ளிருந்து மகள்தான் சொன்னாள்.

“அப்பா, போயிட்டு வாங்கப்பா. பிளேன் எங்கயும் போயிராது.”

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். “ஏட்டி, உங்கம்மா கல்யாணம் ஆன நாள்லேருந்து இப்பத்தான் மொத தடவையா ஒரு ஊரு பேரச் சொல்லுதா,” என்று அவளிடம் சொன்னார். தம்ளரிலிருந்து போனை எடுத்து, மகளைக் கட் செய்துவிட்டு, இன்னொரு நம்பரைப் போட்டார்.

“அண்ணாச்சி, அங்கன ஒரு ரூம் கிடைக்குமா?”

அந்தப் பக்கமிருந்து என் காதுக்கே கேட்கிற மாதிரி ஒரு கத்தல். பழைய குரல். “ஏத்தா பாக்கியம்! குத்தாலத்துக்காரவுக வாராக!”

வெயிலூர்

ராஜபாளையம், அருப்புக்கோட்டை என்று பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தோம். மலையே இல்லாத வானம். எந்தப் பக்கம் திரும்பினாலும் அடிவரைக்கும் தெரிந்தது. கருவேல மரங்கள், செம்மறி ஆடுகள், காய்ந்த கண்மாய். காற்றில் மிளகாய் நெடி லேசாக இருந்தது. இரண்டு தும்மல் போட்டேன்.

முதல் நாள் காலையிலேயே துணி துவைத்தேன். இரண்டாவது கொடியில் நான் போட்டு முடிப்பதற்குள் முதல் கொடியில் போட்டது காய்ந்துவிட்டது. நம்ப முடியாமல் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சேலை அப்பளம் மாதிரி மொறுமொறுப்பாக நின்றது. ஏற்கெனவே துவைத்துக் கொண்டுபோயிருந்த துணிகளையும் எடுத்து நனைத்துக் காயப் போட்டேன். பாக்கியம் அக்கா வாசலில் நின்று என்னையே பார்த்தார். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்.

அண்ணாச்சி இளைத்துப் போயிருந்தார். கம்பு ஊன்றி நடந்தார். என் கணவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “வர முடியல அண்ணாச்சி,” என்று ஆரம்பித்தார்.

“சீசன் நேரத்துல லாட்ஜப் பூட்டிட்டு வந்திருந்தா நான் எந்திரிச்சு வந்து அடிச்சிருப்பேன் தம்பி. உக்காருங்க, சாப்பிடுவோம்.”

அவ்வளவுதான். இரண்டு மாதமாக இவர் நெஞ்சில் கிடந்தது அந்த ஒரு வரியில் போயிற்று.

உட்காருவதுதான் இவருக்கு வரவில்லை. முதல் நாள் குழாய் வாஷர் மாற்றினார். இரண்டாம் நாள் கொல்லைக் கதவுக் கீலுக்கு எண்ணெய் போட்டார். மூன்றாம் நாள் ஏணியைத் தேடியபோது அண்ணாச்சி கம்பைத் தரையில் தட்டினார். “தம்பி, நீங்க இப்ப நாலாம் நம்பர் ரூமு. ரூமுக்காரரு ஏணியில ஏறக் கூடாது.” அன்றைக்கு மத்தியானம் வேப்பமரத்தடிக் கட்டிலில் என் கணவர் வாயைத் திறந்துகொண்டு இரண்டு மணி நேரம் தூங்கினார். அதைப் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினேன். “யாரு இது?” என்று பதில் போட்டாள்.

கேட்காத கேள்வி

நாலாம் நாள் சாயங்காலம் நாலு பேரும் முற்றத்தில் உட்கார்ந்து மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தோம். அடுத்த வருடத்தைப் பற்றிப் பேச்சு வந்தது.

“அடுத்த ஆடிக்குக் கம்பு ஊனியாவது வந்துருவேன்,” என்றார் அண்ணாச்சி. “கரையில உக்காந்து திவலை வாங்குனாலே போதும்.”

“அக்காவுக்குத்தான் அலைச்சல்,” என்றேன் நான், பேச்சுக்கு.

“எனக்கென்ன. நான் எப்பவும் கரையிலதான,” என்றார் பாக்கியம் அக்கா. காம்பைக் கிள்ளிப் போட்டார். “எனக்கு அருவி ஒத்துக்காது டீச்சர். மண்டையில தண்ணி விழுந்தா மூச்சு முட்டும். வந்த மொத வருசம் ஒருக்கா நின்னேன். அதோட சரி.”

மூன்று பேரும் காம்பு கிள்ளுவதை நிறுத்திவிட்டோம்.

“எங்கிட்டச் சொல்லவே இல்லையே?” என்றார் அண்ணாச்சி. அவ்வளவு பெரிய குரல் எங்கேயோ போய்விட்டது.

“நீங்க கேக்கவே இல்லையே.”

கோபமாகச் சொல்லவில்லை. மழை வருமா என்று கேட்டால் வராது என்று சொல்வது மாதிரி சொன்னார். வருடா வருடம் அந்தக் கல்லில் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவள் நானும்தானே. நானும் கேட்டதில்லை.

“சரிக்கா, இப்பக் கேக்குதேன். உங்களுக்கு எங்க போகணும்?”

யோசிக்கவே இல்லை. எவ்வளவு நாளாக வைத்திருந்த பதிலோ, உடனே வந்தது.

“ரயில்ல போகணும். சன்னலோரம். எந்த ஊருன்னாலும் சரி. ஊரு மட்டும் சீக்கிரம் வந்துரக் கூடாது.”

சன்னலோரம்

மறு ஆடியில் இருவரும் வந்தார்கள். அண்ணாச்சி கம்போடு லாட்ஜ் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்துகொண்டார். அருவியில் குளித்துவிட்டு வந்து வெந்நீர் கேட்பவர்களுக்கு அவர் கொடுத்த புத்திமதிகளைத் தனியாக எழுத வேண்டும். சீசன் நேரத்தில் பள்ளிக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, நானும் பாக்கியம் அக்காவும் செங்கோட்டைக்குப் போய், கொல்லம் போகிற பகல் வண்டியில் ஏறினோம்.

அக்கா ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பகவதிபுரம் தாண்டி மலை நெருங்கி வந்தது. முதல் குகைக்குள் வண்டி நுழைந்ததும் பிள்ளைகள் எல்லாம் ஓவென்று கத்தினார்கள். இருட்டில் என் பக்கத்திலிருந்தும் மெதுவாக ஒரு ‘ஓ’ கேட்டது. வெளிச்சம் வந்ததும் பார்த்தேன். அக்கா ஒன்றும் தெரியாதவர் மாதிரி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். அடுத்த குகையில் நானும் கத்தினேன்.

பதின்மூன்று கண் பாலத்தைத் தாண்டும்போது, ஆரியங்காவு கணவாய், மேற்குத் தொடர்ச்சி மலை, தென்மேற்குப் பருவக்காற்று என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். “பெறகு சொல்லுங்க டீச்சர்,” என்றார். வாயை மூடிக்கொண்டேன். ரப்பர் மரங்கள், ஓடு வேய்ந்த வீடுகள், குடை பிடித்துக்கொண்டு தண்டவாளத்துப் பக்கம் நிற்கிறவர்கள். ஒன்று விடாமல் பார்த்தார். கட்டிக்கொண்டு வந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

கொல்லம் வந்தது. வண்டி அங்கேயே முடிகிறது. பெட்டியே காலியானது. திரும்புகிற வண்டிக்கு நேரம் கிடந்தது.

“வாங்கக்கா. ஆட்டோ பிடிச்சா கடலப் பாத்துட்டு வந்துரலாம்,” என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. வெளியே காலியான பிளாட்பாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் பெட்டியைக் கூட்டுகிற அம்மாள் ஒருத்தி விளக்குமாற்றோடு ஏறி, ஒவ்வொரு சீட்டாகக் கூட்டிக்கொண்டு எங்களிடம் வந்துவிட்டாள்.

“சேச்சீ, எறங்கண்டே?” என்று மலையாளத்தில் கேட்டாள். இறங்க வேண்டாமா என்று.

பாக்கியம் அக்காவுக்கு மலையாளம் தெரியாது. ஆனாலும் புரிந்திருக்க வேண்டும். இரண்டு காலையும் தூக்கிச் சீட்டின் மேல் வைத்துச் சம்மணம் போட்டுக்கொண்டார்.

“நீ கூட்டும்மா,” என்றார்.